கையில் பேண்டு கட்டினால் கால் நடக்குமா?

வேலூரில் ஏதாவது ஒரு மொபைல் கடைக்குள் போய், மணிக்கட்டில் கட்டி நடையை எண்ணும் ஃபிட்னஸ் பேண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். "இன்னா சார் பேண்டு, ஸ்மார்ட் வாட்ச்சே எடுத்துக்கோங்க, ஆயிரத்து ஐந்நூறுதான், பி.பி. பாக்கும், சுகர் பாக்கும், ஆக்ஸிஜன் பாக்கும், போன் வந்தா பேசலாம்" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாலைந்தை எடுத்து வரிசையாக வைப்பார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு ஷோரூமில் நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஆப்பிள் வாட்ச் இருக்கும். அதில் சுகர் பார்க்கும் வசதி இல்லவே இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமான் பார்ப்பதாகச் சொல்வதை நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமான் ஏன் பார்ப்பதில்லை என்று ஒரு நிமிடம் யோசித்தாலே இந்த வியாபாரத்தில் பாதி விளங்கிவிடும்.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இப்போதைக்கு வேண்டாம், முதலில் காசு செலவில்லாமல் ஒன்றைச் செய்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யலாம் என்பதுதான். சிலருக்கு இது உண்மையிலேயே பலன் தரும். அந்தச் சிலர் யார் என்பது இந்தச் சாமான் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்று தெரிந்தால் தானாகப் புரியும்.

உள்ளே இருக்கும் முக்கியமான சென்சார் இரண்டுதான். ஒன்று அசைவை உணர்வது. முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் கை எப்படி ஆடுகிறது என்பதை அது நொடிக்குப் பலமுறை பதிவு செய்கிறது, அந்த ஆட்டத்தில் நடையின் தாளம் தெரிந்தால் அடி என்று கணக்கில் சேர்க்கிறது. காலைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. கை ஆடினால் அடி, ஆடாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தால் பச்சையாக மினுக்குமே, அது. பச்சை ஒளியை ரத்தம் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது, அதை எண்ணினால் நாடித்துடிப்பு. இந்த இரண்டோடு கொஞ்சம் விலை கூடியவற்றில் ஜி.பி.எஸ்., காற்றழுத்த சென்சார், ஆக்ஸிஜன் பார்க்கும் சிவப்பு விளக்கு என்று சில சேரும். திரையில் வரும் மற்ற எல்லாமே, கலோரி, தூக்க மார்க், ஸ்ட்ரெஸ், உடல் வயது என்று என்னென்னவோ, இந்தச் சில அளவுகளை வைத்து மென்பொருள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு சில இடங்களில் நன்றாக இருக்கிறது, சில இடங்களில் ஜோசியம்தான்.

அடிக் கணக்கிலேயே எவ்வளவு கோளாறு வரும் என்பதைப் பார்க்க நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. ஆற்காடு ரோட்டில் ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ அப்பாவை அழைத்து வந்த மகன், வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கும், ஸ்கேனுக்கும், பில் கவுண்டருக்கும் நாள் பூராவும் நடப்பார். அவர் கை வீல்சேரின் பிடியில் அசையாமல் இருப்பதால் கையில் கட்டிய பேண்டு அந்த நடையில் பெரும்பகுதியைக் கவனிக்கவே கவனிக்காது. ராத்திரி லாட்ஜுக்கு வந்து படுத்தால் "இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று அது அவருக்குப் புத்தி சொல்லும். இதற்கு நேர் எதிர், குடியாத்தத்திலோ ஆரணியிலோ தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி. கை போய் வந்து, போய் வந்து ஒரே தாளத்தில் ஆடுவதால், உட்கார்ந்த இடத்திலேயே அவருக்குச் சில ஆயிரம் அடிகள் ஏறிவிடலாம். சப்பாத்தி மாவு பிசைவதும், துணி துவைப்பதும், குண்டும் குழியுமான ரோட்டில் டூவீலர் ஓட்டுவதும் அப்படித்தான். நல்ல பேண்டுகள் இதையெல்லாம் ஓரளவு வடிகட்டும், மலிவானவை அவ்வளவாக வடிகட்டாது. இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தால் எந்த விலைப் பேண்டும் கொஞ்சம் ஏமாறும்.

சரி, இவ்வளவு தப்பு என்றால் எதற்கு அது? வீட்டுத் தராசு அரைக்கிலோ கூட்டிக் காட்டினாலும், தினமும் அதே அரைக்கிலோவைக் கூட்டிக் காட்டினால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அது போதும், இல்லையா. அடிக் கணக்கும் அப்படித்தான். உங்கள் வாழ்க்கைமுறை பெரிதாக மாறாதவரை, போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலா குறைவா என்பதை அது சரியாகவே சொல்லும். அலுவலகத்து நண்பர் பன்னிரண்டாயிரம், நீங்கள் ஒன்பதாயிரம் என்று ஒப்பிட்டுக்கொள்வதற்குத்தான் அர்த்தம் குறைவு.

தினம் பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் பேண்டு வாங்கிய மறுநாளிலிருந்து எல்லோரும் துரத்துவது அதைத்தான். 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது, உடற்பயிற்சி மீது அங்கே ஒரு மோகம் கிளம்பியது. அடுத்த வருடம், 1965-ல், யமாசா என்ற ஜப்பான் நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி என்பது அந்தக் கருவியின் பெயரிலேயே இருந்தது. அவ்வளவுதான் அதன் பூர்வீகம், எந்த மருத்துவ ஆராய்ச்சியும் அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது, 7,500-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் பெரிதாக இல்லை. 2022-ல் பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் வரை, அதற்குக் குறைந்த வயதினருக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வரை, அதோடு பலன் சமன்படுகிறது என்று தெரிந்தது. ஆக, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் அப்பா ஆறாயிரத்தோடு நிறுத்திவிட்டால் வாட்ச் சோகமுகம் காட்டினாலும் அவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குப் போவதில் கிடைக்கும் பலன்தான் பெரிது.

நம் அரசும் 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. எட்டு கிலோமீட்டர் என்றால் அவரவர் எடுத்து வைக்கும் அடியின் நீளத்தைப் பொறுத்து பத்தாயிரத்திலிருந்து பதினோராயிரத்துச் சில்லறை அடி வரும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அது ஏறக்குறைய இருபதாயிரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய் வருகிறவர்கள் அன்றைக்குத் திரையில் பட்டாசு வெடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், ஆனால் மாதத்தில் ஒரு நாள் இருபதாயிரத்தைவிட மற்ற நாட்களில் ஆறாயிரம் எவ்வளவோ மேல்.

அடி என்ற அளவே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்குச் சோளிங்கர் ஒன்று போதும். யோக நரசிம்மர் மலைக்கு ஆயிரத்து முந்நூறு படிக்கு மேல் இருக்கிறது. ரோப் கார் வந்துவிட்ட பிறகும் வேண்டுதலுக்காகப் படியேறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூச்சு வாங்கி, தொடை நடுங்கி, நடுவில் உட்கார்ந்து குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றி மேலே போய்ச் சேர்ந்தால், சாதாரணப் பேண்டு அதற்குக் கொடுக்கும் மதிப்பு ஆயிரத்துச் சில்லறை அடி, அதாவது சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் உலாத்தியதற்குச் சமம். காற்றழுத்த சென்சார் உள்ள வாட்ச்சில்தான் ஏறிய உயரம் தெரியும், சுமார் மூன்று மீட்டருக்கு ஒரு மாடி என்று எண்ணும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் அந்த சென்சாரை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து நாடித்துடிப்பு. என்னைக் கேட்டால் பேண்டில் அடிக்கு அடுத்து உருப்படியான அளவு இதுதான், அதுவும் ஓய்வில் இருக்கும்போது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறுபது பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. காலையில் எழுந்ததும் காட்டும் ஓய்வுநிலைத் துடிப்பு சில மாத நடைக்குப் பிறகு மெல்ல இறங்கும், காய்ச்சல் வரப்போகிறது என்றால் ஏறும். தெரிந்துகொள்ள நல்ல விஷயம். வேகமாக ஓடும்போதும், வியர்வையில் ஸ்ட்ராப் வழுக்கும்போதும் கணக்கு தடுமாறும். கத்திரி வெயிலில் நம் ஊர் நாற்பது டிகிரியைத் தாண்டும் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். உடம்பைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக வேலை செய்வதால், டிசம்பரில் நடந்த அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்தாலும் துடிப்பு ஏறிக் காட்டும். வாட்ச் அதை "அருமையான உடற்பயிற்சி" என்று பாராட்டலாம், உண்மையில் அது நிழலுக்குப் போகச் சொல்லும் அறிகுறி. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பை அந்த மாத்திரையே அடக்கி வைத்திருக்கும், அதனால் 220-லிருந்து வயதைக் கழித்து வாட்ச் போட்டுத் தரும் இலக்கு அவர்களுக்குப் பொருந்தாது. இதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அதே ஸ்டான்ஃபோர்டு சோதனையில் கலோரிக் கணக்கு என்ன ஆனது தெரியுமா? ஏழில் நல்லதாக இருந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். திரையில் நானூறு கலோரி எரித்துவிட்டதாகக் காட்டுவதை நம்பி "இன்றைக்கு நடந்தாச்சு, ஒரு பிளேட் பிரியாணிக்குக் கணக்கு சரியாப் போச்சு" என்று ஆம்பூர் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிரியாணி வேண்டும் என்றால் பிரியாணிக்காகவே சாப்பிடுங்கள், வாட்ச்சைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

இனி சுகர், பி.பி. இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி குத்தாமல், தோலுக்கு மேலிருந்தே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அப்படிச் சொல்லி விற்பவற்றை வாங்காதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் பதினான்கு நாள் சென்சார் வேறு சமாச்சாரம். அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள்ளேயே போய் அங்கிருக்கும் திரவத்தில் சர்க்கரையை அளக்கிறது, ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாட்ச்சில் வரும் சுகர் எண் ஊகம், அதைப் பார்த்து மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து. பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று 2023-ல் ஆய்வு சொன்ன நாட்டில் இப்படி ஒன்றைப் பகிரங்கமாக விற்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

பி.பி.யும் கிட்டத்தட்ட அதே கதை. சாம்சங் வாட்ச்சில் ரத்த அழுத்தம் பார்க்கும் வசதி இருக்கிற நாடுகளில்கூட, 28 நாளுக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றிக் காற்றடிக்கும் சாதாரண பி.பி. மெஷினில் பார்த்து அந்த எண்ணை வாட்ச்சுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த மெஷின் துணை தேவைப்படும்போது, எதையும் சொல்லிக் கொடுக்காமலே 120/80 என்று அழகாகக் காட்டும் வாட்ச் எதை அளந்தது என்று நினைக்கிறீர்கள்? சந்தேகமாக இருந்தால் அதை ஒரு வாழைப்பழத்திலோ சுருட்டிய துண்டிலோ கட்டிப் பாருங்கள். சில வாட்ச்சுகள் அதற்கும் நாடித்துடிப்பு காட்டும். ஒளி திரும்பி வரும் விதத்தில் ஏதாவது ஒரு தாளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அவற்றின் வேலை, வாழைப்பழத்துக்கு உயிர் இருக்கிறதா என்று அவை கேட்பதில்லை.

வீட்டில் பிரஷர், சுகர் உள்ளவர்கள் இருந்தால் அந்த ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குப் புஜத்தில் சுற்றும் டிஜிட்டல் பி.பி. மெஷினே வரும். ஒரு குளுக்கோமீட்டரும் அதற்குள்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதிலிருந்து சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரண்டையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும் எண்ணை நம்புங்கள்.

விலை கூடிய வாட்ச்சுகளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அது இதயத் துடிப்பு தாளம் தப்புவதைக் கண்டுபிடிப்பது. 2019-ல் வெளியான ஆப்பிள் ஆய்வில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள், அவர்களில் அரை சதவீதம் பேருக்குத்தான் "துடிப்பு ஒழுங்கில்லை" என்ற அறிவிப்பு வந்தது. அவர்களில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அந்தக் கோளாறு பதிவானது. வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் அர்த்தமில்லை. வயதானவர்களுக்கு, குடும்பத்தில் பக்கவாதம் வந்த சரித்திரம் உள்ளவர்களுக்கு இது பயன்படலாம். ஆனால் மாரடைப்பை எந்த வாட்ச்சும் கண்டுபிடிக்காது, இதை அந்த நிறுவனமே சொல்கிறது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச்சில் ஈ.சி.ஜி. எடுத்து "நார்மல்" என்று வந்ததும் ஜெலுசில் குடித்துப் படுத்துக்கொள்வதுதான் நான் பயப்படும் காட்சி. 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்கத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஆய்வகத்தில் தூக்கத்தை அளக்கத் தலையில் வயர் ஒட்டி மூளை அலையைப் பார்ப்பார்கள், பேண்டு மணிக்கட்டு அசைவையும் துடிப்பையும் மட்டும் பார்க்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பது வரை நம்பலாம். ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம் என்பதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகத் தூங்கி எழுந்த ஆள் திரையில் 61 மார்க்கைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சோர்ந்து திரிவதும் உண்டு. ஆய்வகச் சோதனை நன்றாகத் தூங்கியதாகச் சொன்ன பிறகும் பேண்டைத்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த நோயாளிகளைப் பற்றி 2017-ல் சிகாகோ மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் இரவு ஷிஃப்ட் பார்த்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு மலிவுப் பேண்டுகள் பல அந்தத் தூக்கத்தைச் சரியாகப் பதிவதே இல்லை.

இதெல்லாம் அளவின் துல்லியம். வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது வேறு, கட்டிக்கொண்டால் ஆள் மாறுகிறாரா என்பது. இங்கே ஆய்வுகள் முதலில் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். 2016-ல் அமெரிக்காவில் எடை குறைக்க விரும்பிய 470 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைத்தார்கள், அதோடு கருவியும் கட்டியவர்கள் 3.5 கிலோதான். அதே வருடம் சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வில், காசு பரிசு கொடுத்தவரை நடந்தவர்கள் பரிசை நிறுத்தியதும் பழையபடி ஆனார்கள், ஒரு வருடம் முடிந்தபோது கருவியைக் கட்டியிருந்தவர்கள் பத்தில் ஒருவர். ஆனால் 2022-ல் பல நூறு ஆய்வுகளை அடக்கிய ஒரு பெரிய தொகுப்பு, கருவி கட்டியவர்கள் சராசரியாகத் தினம் 1,800 அடி கூடுதலாக நடக்கிறார்கள், எடை ஒரு கிலோ போலக் குறைகிறது என்று சொன்னது.

எனக்கு இதில் முரண் தெரியவில்லை. பேண்டு நடக்க வைக்கும், கொஞ்சம். எடையைப் பெரிதாகக் குறைக்காது, ஏனென்றால் எடை தட்டில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. எண்ணைப் பார்த்து ஏதாவது செய்கிறவருக்கு அது வேலை செய்யும், பார்த்துவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போகிறவருக்குச் செய்யாது. நீங்கள் எந்த ரகம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது, ஆராய்ச்சியாளருக்கும் தெரியாது, நீங்களே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் செலவில்லாத சோதனை இதுதான். உங்கள் போனிலேயே அசைவு சென்சார் இருக்கிறது. கூகுள் ஃபிட், சாம்சங் ஹெல்த், ஐபோனின் ஹெல்த் என்று ஏதோ ஒன்று அதை ஏற்கெனவே எண்ணிக்கொண்டும் இருக்கலாம். இரண்டு வாரம் போனைப் பாக்கெட்டிலேயே வைத்திருங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் சும்மா எண்ணட்டும். இரண்டாவது வாரம் தினம் ராத்திரி எண்ணைப் பாருங்கள், குறைவாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வருகிறீர்களா, கோட்டை மைதானத்துக்குக் காலையில் வண்டியில் போகாமல் நடந்து போகலாம் என்று தோன்றுகிறதா என்று கவனியுங்கள். தோன்றினால் பேண்டு உங்களுக்குப் பலன் தரும். எண்ணைப் பார்க்கவே மறந்துபோனால் காசு மிச்சம்.

இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது பெண்கள் விஷயத்தில். புடவையிலும் நைட்டியிலும் பாக்கெட் கிடையாது. போன் ஃபிரிட்ஜ் மேலேயோ சார்ஜிலேயோ கிடக்கும், சமையலறைக்கும் மாடிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடந்த நடையெல்லாம் கணக்கில் வராது. அவர்களுக்கு மலிவான பேண்டே போனைவிட உண்மையான தகவலைத் தரும். இன்னொரு வழி, தெரிந்தவர்களிடம் இரவல் கேட்பது. பத்தில் ஒன்பது பேர் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்றால் அந்த ஒன்பதும் யாரோ ஒருவர் வீட்டு டிராயரில்தான் இருக்கும். கேட்டால் "எடுத்துக்கோ, சும்மாதான் கிடக்குது" என்று சார்ஜரோடு கொடுப்பார்கள்.

யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், வங்கியிலோ ஐ.டி.யிலோ கலெக்டர் ஆபீசிலோ நாள் பூராவும் நாற்காலியில் இருப்பவர்களுக்கு, எண்ணைக் கண்டால் கை பரபரக்கும் குணம் உள்ளவர்களுக்கு, மாரத்தான் அது இது என்று ஓட ஆரம்பித்துவிட்டவர்களுக்கு (இவர்கள் ஜி.பி.எஸ். உள்ளதாகப் பார்த்து, முடிந்தால் மார்பில் கட்டும் பட்டையோடு வாங்கலாம், அது இதயத்தின் மின்துடிப்பையே படிப்பதால் மணிக்கட்டைவிடத் துல்லியம்). தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, கீழே விழுந்தால் தானாகப் போன் போடும் வசதி உள்ள வாட்ச் ஒரு நிம்மதி, ஆனால் அந்த வசதி விலை கூடியவற்றில்தான் நம்பும்படி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வது, தோல் பதனிடும் ஷாப்பிலும் காய்கறிக் கடையிலும் வார்டிலும் காலையிலிருந்து நின்றுகொண்டே, நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு. அவர்களுக்குத் தேவை ஓய்வும் நல்ல செருப்பும்தான், பன்னிரண்டாயிரம் என்ற எண் இல்லை. அப்புறம், தலைவலி என்றாலே கூகுளில் தேடி மூளைக்கட்டி வரை போய்விடும் சுபாவம் உள்ளவர்களும் தயவுசெய்து வேண்டாம், நிமிடத்துக்கு நிமிடம் துடிப்பைப் பார்த்தே துடிப்பு ஏறிவிடும்.

தகவல் எங்கே போகிறது என்பதை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி, தன் பயனாளர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் உலக வரைபடத்தில் போட்டது, அதில் ராணுவ முகாம்களின் உள்பாதைகள்கூடத் தெரிவது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. ஃபிட்பிட்டை 2021-ல் கூகுள் 210 கோடி டாலருக்கு வாங்கியது, வெறும் பிளாஸ்டிக் பட்டைக்காக அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். பெயர் தெரியாத வாட்ச்சின் செயலி அடி எண்ணுவதற்கு உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டையும் மெசேஜையும் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால் அடிக்கும் நாடித்துடிப்புக்கும் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் நல்ல பெயருள்ள ஒன்றே தாராளம். கடையிலேயே கட்டிக்கொண்டு வெளியே வந்து, வாய்க்குள் எண்ணியபடி சரியாக நூறு அடி நடங்கள். முதல் சில அடிகளை உடனே காட்டாது, பொறுத்துச் சேர்க்கும், அது கோளாறு இல்லை. 95-க்கும் 105-க்கும் நடுவில் வந்தால் நல்லது. பிறகு உட்கார்ந்து, விரலை மணிக்கட்டில் வைத்து அரை நிமிடம் நாடியை எண்ணி இரண்டால் பெருக்கி, திரையில் வருவதோடு ஒப்பிடுங்கள். கடைசியாக சார்ஜரைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் அந்தச் சின்ன கேபிள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு அளவு, தொலைந்தால் வேறொன்று சுலபத்தில் பொருந்தாது. தனியாக என்ன விலை, இங்கே கிடைக்குமா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.